நோயை எண்ணுக!

(நாட்டு நலவாழ்வுக் குறிக்கோள்கள் பற்றித் தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நாட்டிற்கு அணிகள் எனத் திருவள்ளுவர் ஐந்தினை எண்ணுகின்றார். அவற்றுள் முதற்கண் நிறுத்தப்பெற்றது செல்வமன்று, விளைவுமன்று, காவலுமன்று. பிணியில்லாமையே முதலணி. மருந்து என்னும் அதிகாரத்தையும் அவர் அறத்துப்பாலிற் சேர்த்திலர். அரசும் அமைச்சும் நாடும் அரணும் பேசப்படும் பொருட்பாலிலேயே வைத்தார். நோயைத் தெய்வத்தின் சீற்றமென்று கொண்டு வாளாவிராமல், ஆளுவோர் எண்ணிச் செய்யவேண்டிய வினைகளுள் ஒன்றாகக் கண்ட தெளிவு அவ் வைப்புமுறையில் விளங்குகின்றது.

பிணியில்லா நாடு வேண்டுமென விரும்புதல் எளிது. அதனைக் குறிக்கோளாக வகுத்துக்கொள்ளுதல் அரிது. எதனை எண்ணுவது? எந்த எண்ணில் நிற்பது? எந்த ஆண்டிற்குள் முடிப்பது? முடியாவிடின் மக்கள் முன்னின்று விடைகூறுவோர் யாவர்? இந் நான்கு வினாக்கட்கும் விடையில்லாத குறிக்கோள் வெறும் முழக்கமேயாகும். நான்கனுள்ளும் தலையாயது முதல் வினா. எதனை எண்ணுவது என்பதிற் பிழை நேருமாயின், ஏனை மூன்றும் செவ்விதின் அமைந்தும் பயனில்லை. கடந்த அறுபதாண்டு நோய்த்தடுப்பு வரலாறு கற்பிக்கும் பாடம் இஃதே.

ஊசியை எண்ணிய காலம்

இந்திய அரசு பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை 1962-ஆம் ஆண்டு தொடங்கிற்று. மூன்றாண்டிற்குள் மக்களுள் 80 விழுக்காட்டினர்க்கு அம்மை குத்திவிடல் வேண்டும் என்பதே அன்று வகுக்கப்பெற்ற இலக்கு. கோடிக்கணக்கானோர்க்கு அம்மை குத்தப்பெற்றது. கணக்கேடுகள் நிரம்பின. பெரியம்மை மட்டும் நீங்கிற்றில்லை. 1974-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,88,000 பேர் அந் நோய்க்கு ஆளாயினர்.

காரணம் யாது? எண்ணப்பட்டது ஊசி, எண்ணப்படாது விடப்பட்டது நோய். பள்ளியில் வரிசையாக நிற்கும் பிள்ளைக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் குத்துதல் எளிது. ஊரோரக் குடிசையிலும், கூலிவேலை தேடி இடம்பெயரும் கூட்டத்திலும் உள்ள குழந்தையைத் தேடிச்சென்று குத்துதல் கடினம். கணக்கேட்டிலோ இரண்டும் ஒன்றே. எளியது பெருகிற்று, கடியது எஞ்சிற்று. எஞ்சிய இடத்திலேயே நோயும் தங்கிற்று.

பின்னர் வினா மாற்றப்பெற்றது. 'எத்தனை பேர்க்குக் குத்தினீர்?' என்பது போய், 'எந்த வீட்டிற் பெரியம்மை உளது?' என்பது வந்தது. நலப்பணியாளர் அம்மை கண்ட குழந்தையின் படம் பதித்த அட்டையை ஏந்திக்கொண்டு வீடுதோறும் சந்தைதோறும் பள்ளிதோறும் சென்று வினவினர். நோய் கண்ட வீட்டைச் சூழ்ந்துள்ளோர் அனைவர்க்கும் அம்மை குத்தினர். நோயை அறிவிப்போர்க்குப் பரிசு நல்கினர். நோய் அருகுந்தோறும் பரிசுத்தொகை உயர்ந்து, ஈற்றில் 1,000 உருபா வரை சென்றது. இந்தியாவின் இறுதிப் பெரியம்மை நோயாளி 1975-ஆம் ஆண்டு மே திங்களிற் கண்டறியப்பெற்றார். 1980-இல் உலகமே அந் நோயினின்று விடுபட்டதென அறிவிக்கப்பெற்றது. பதினோராண்டில் முடியாதிருந்தது, வினா திருந்தியபின் ஈராண்டளவில் முடிந்தது.

நூற்புழுவை வென்ற துணி

'பெரியம்மைக்கு ஊசி இருந்தது. ஊசியும் மருந்தும் இல்லாத நோய்க்கு என்செய்வது?' என்று சிலர் வினவலாம். அதற்கு விடை நரம்புச் சிலந்தி. இங்குள்ள இளைஞருட் பலர் இப் பெயரைக் கேட்டிரார். அவர் கேளாமையே வெற்றிக்குச் சான்று.

நூல்போல் மெலிந்து ஒரு மீட்டர் வரை நீளும் புழு அது. குளத்திலும் படிக்கிணற்றிலும் வாழும் மிகச் சிறிய நீர்த்தெள்ளின் உடம்பில் அதன் இளம்புழு உறையும். அந்நீரை வடிகட்டாது பருகுவோர் உடம்பிற் புகுந்து, ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலிற் கொப்புளத்தை உடைத்துக்கொண்டு வெளிவரும். தீச்சுட்டாற்போல் எரியும். எரிச்சல் தாளாது நோயாளி நீரிற் கால்வைத்த அளவிலே, புழு எண்ணற்ற இளம்புழுக்களை அந்நீரில் விடும். அவற்றை நீர்த்தெள்ளு உண்ணும். அந்நீரை மாந்தர் பருகுவர். புழுவை ஒரு குச்சியிற் சுற்றி நாளுக்குச் சிறிதாக இழுத்தெடுத்தலையன்றி வேறு பண்டுவம் இல்லை. உழைக்கவேண்டிய காலத்து உழவன் கிடையாய்க் கிடப்பான். அவன் நிலமும் உடன் கிடக்கும்.

இந்திய அரசு 1983-84-இல் இதனை ஒழிக்கும் திட்டத்தை வகுத்தது. தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் அந் நோய் அறியப்பட்டிருந்தது. 1984-இல் எண்ணப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 40,000 பேர். தமிழ்நாடு முன்னதாகவே விடுபட்டது; வறண்ட இராசத்தான் நெடுநாள் துன்புற்றது. ஆங்குக் கையாளப்பெற்ற கருவிகள் யாவை? குடத்தின் வாயிற் கட்டும் துணி, அடிகுழாய், இறங்கி நீர் மொள்ளும் படிக்கிணற்றை மேனின்று இறைக்கும் கிணறாக மாற்றுதல், நீர்த்தெள்ளைக் கொல்லும் மருந்தை நீரில் அளவறிந்து கலத்தல், நோயாளியைக் குடிநீரில் இறங்கவொட்டாது காத்தல். இவ்வளவே. இவற்றுள் எதுவும் பெருமருத்துவமனையில் உள்ளதன்று.

ஈண்டு எண்ணப்பட்டது எது? வழங்கப்பட்ட துணியின் எண்ணிக்கை மட்டும் எண்ணப்பட்டிருப்பின், நோய் இன்றும் இருந்திருக்கும். ஊர்தோறும் தேடி, புழு வெளிப்பட்ட ஒவ்வொருவரையும் எண்ணினர். இலக்கு சுழி; அதற்கு மேற்பட்ட எவ்வெண்ணும் வெற்றியன்று. 1996-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சோத்பூர் மாவட்டத்தில் இந்தியாவின் இறுதி நோயாளி காணப்பெற்றார். அதன்பின்னும் தேடுதல் நிற்கவில்லை. மூன்றாண்டிற்கு மேலும் தேடித் தேடி, ஒருவரும் இல்லையென்று உறுதிசெய்த பின்னரே, 2000-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவிற்குச் சான்று வழங்கிற்று.

உலக அளவில் 1986-இல் ஏறத்தாழ 35,00,000 பேரை வருத்திய அந் நோய், 2024-இல் 15 பேரை மட்டுமே பற்றிற்று. 1995-க்குள் முற்றும் ஒழிப்பதென உலக நாடுகள் வகுத்த இலக்கு தவறியது உண்மையே. ஆயினும் ஆண்டு தவறியதே யன்றி எண் மறைக்கப்படவில்லை. ஆகலின் பணியும் நிற்கவில்லை. இலக்காண்டு தவறுதல் பெரும்பழியன்று. தவறியதை மறைத்தற்கு அளவுகோலைக் குறுக்குதலே பெரும்பழி.

நிரவலுக்குள் மறைந்த தொழுநோய்

அளவுகோல் குறுகியதால் நேர்ந்த தீங்கிற்குத் தொழுநோய் எடுத்துக்காட்டு. கூட்டு மருந்துப் பண்டுவம் 1980-களில் வந்தபின், அந் நோய் முற்றும் தீரும் நோயாயிற்று. காலத்தே கண்டால் கைகால் ஊனமின்றி நலம்பெறலாம். 1991-இல் உலக நாடுகள் ஓர் இலக்கை வகுத்தன: 2000-க்குள் 10,000 பேர்க்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்னும் நிலையை அடைதல். இந்தியா அந்நிலையை நாட்டு அளவில் 2005 இறுதியில் அடைந்துவிட்டதாக அறிவித்தது.

அவ் வெண் எதனைக் குறித்தது? பதிவேட்டில் உள்ள, பண்டுவம் பெற்றுவரும் நோயாளிகளை மட்டுமே குறித்தது. 1990-களின் இறுதியிற் கடுமை மிக்க வகைத் தொழுநோய்க்கான பண்டுவக்காலம் 24 திங்களினின்று 12 திங்களாகக் குறைக்கப்பெற்றது. மருத்துவ முறையில் அஃது ஏற்புடையதே. கணக்கில் நேர்ந்தது யாது? ஈராண்டு வகுப்பை ஓராண்டு வகுப்பாக்கினால், ஆண்டுதோறும் சேரும் மாணவர் தொகை சிறிதும் குறையாதிருக்கவும், பள்ளியின் வருகைப்பதிவேடு பாதியாகிவிடும். தலைமையாசிரியர் அதனைக் காட்டி, 'ஊரிற் படிக்காதவர் பாதியாயினர்' என்று கூறுவாராயின் எவரும் ஏற்பரோ? பதிவேடு சுருங்கியதில் ஒரு பங்கு இத்தகையதே.

இரண்டாவது குறை நிரவல். நாட்டின் நிரவல் ஒன்றிற்குக் குறைந்தது. ஆனால் ஒருசில மாவட்டங்களில் நோய் மிகுந்தே இருந்தது. மூன்றாவது, வெற்றி அறிவிக்கப்பட்டபின் தேடுதல் தளர்ந்தது. 2016-இல் மீண்டும் வீடுவீடாகத் தேடிய இயக்கத்தில், முன்னர் அறியப்படாத 30,000-க்கு மேற்பட்ட நோயாளிகள் வெளிப்பட்டனர். 2023-ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்டறியப்பெற்ற தொழுநோயாளருட் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளவரே. தொகை 1,00,000-ஐக் கடந்தது.

செங்கற்பட்டில் தொழுநோய்க்கென அமைந்த நடுவத்தையும், வேலூரில் முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திய மருத்துவத்தையும் உலகிற்கு ஈந்த தமிழகம் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். தொழுநோய்க்கு எண்ணவேண்டியவை பதிவேட்டின் நீளமல்ல. புதிதாக நோயுற்ற குழந்தைகள் எத்தனை பேர்? கண்டறியும்போதே ஊனமுற்றிருந்தோர் எத்தனை பேர்? குழந்தைக்கு வந்ததெனின் நோய் அவ்வூரில் இன்றும் பரவுகின்றதென்பது பொருள். ஊனத்தோடு வந்தாரெனின் நெடுங்காலம் எவரும் அவரைத் தேடவில்லை யென்பது பொருள். 2027-க்குள் தொழுநோய்ப் பரவலைச் சுழியாக்குதல் என்னும் இலக்கு இப்பொழுது வகுக்கப்பெற்றுள்ளது. முந்தையதினும் இது நேரிய இலக்கு. இதனையேனும் குறுக்காதிருத்தல் வேண்டும்.

முழக்கமாகிய ஆண்டு

இனி, என்புருக்கி நோய். உலக நாடுகள் அதற்கு வகுத்த எல்லை 2030. இந்தியத் தலைமையமைச்சர் 2018 மார்ச்சுத் திங்களில் தில்லி மாநாட்டில், இந்தியா 2025-லேயே முடிக்கும் என்றார். 2015-ஆம் ஆண்டோடு ஒப்பிட, புதிதாக நோயுறுவோர் விகிதத்தை 80 விழுக்காடு குறைப்பதே அவ் விலக்கின் பொருள். 2015-இல் 1,00,000 பேர்க்கு 237 ஆக இருந்த விகிதம், உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-இல் 195 ஆயிற்று. இஃது ஏறத்தாழ 18 விழுக்காட்டுக் குறைவு. உலக நிரவலை நோக்க இது மேலானதே. அதனை ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. ஆயினும் 80 எங்கே? 18 எங்கே? 2024-இல் மட்டும் 25,00,000-க்கு மேற்பட்டோர் இந்நாட்டில் நோயாளராகப் பதிவுசெய்யப்பெற்றனர்.

குறை எங்குளது? மருந்தை மட்டும் எண்ணினர். பசியை எண்ணத் தவறினர். சார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயாளியின் குடும்பத்தார்க்குக் கூடுதல் உணவு வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுதல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததைக் காட்டிற்று. நோயையும் பசியையும் அடுத்தடுத்து வைத்து நாட்டின் இலக்கணம் கூறிய குறளாசான் கருத்திற்கு இவ் வாய்வு ஈராயிரம் ஆண்டிற்குப் பின் எழுந்த உரைபோலும்.

இத்துறையில் தமிழகம் பிறர்க்கு வழிகாட்டியது புதிதன்று. சென்னையில் 1956-இல் நிறுவப்பெற்ற என்புருக்கி மருந்தாய்வு நடுவம் 1959-இல் ஓர் உண்மையை உலகிற்கு அறிவித்தது. ஏழைக் குடிலில் தங்கி மருந்துண்பாரும், நோயாளர் இல்லத்தில் தங்கி மருந்துண்பாரும் ஒப்பவே நலம்பெறுவர். வீட்டிலுள்ளார்க்கு அதனால் தொற்று மிகுவதில்லை. இவ்வுண்மை உலகின் பண்டுவமுறையையே மாற்றிற்று. 2022-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய 'காசநோய் இறப்பிலாத் திட்டம்' அவ் வழியிற் பிறிதொரு படி. நோயாளி வந்த அன்றே அவர் எடை, மூச்சின் விரைவு, துணையின்றி நிற்கும் ஆற்றல் முதலியவற்றை அளந்து, நலிந்தோரை உடனே மருத்துவமனையிற் சேர்ப்பது அத் திட்டம். அஃது எண்ணுவது மாத்திரையை அன்று, இறப்பை. ஆகலின் அது நேரிய குறிக்கோள்.

மக்கள் மொழியும் மக்கள் நலமும்

இந்நோய்கள் யாவும் ஒருமுகமாகக் கற்பிக்கும் பிறிதொன்றும் உண்டு. நோயை முதலிற் காண்பவர் மருத்துவர் அல்லர், தாய். தேமலை முதலிற் காண்பவள் அவள். அது மரத்துப்போனதை அறிபவள் அவள். இருமல் இரண்டு கிழமையைக் கடந்ததை எண்ணுபவளும் அவளே. நரம்புச் சிலந்தியை இராசத்தானத்துச் சிற்றூரார் 'நாரு' என்றனர். நோயாளி யாரென அறியவேண்டிய பணியாளன், நூலாசிரியர் இட்ட இலத்தீனப் பெயரைச் சொல்லியிருப்பின் எவர் விடையிறுத்திருப்பர்?

தமிழ்நாட்டு அரசின் துறைப்பெயர் 'மக்கள் நல்வாழ்வு' என்று தமிழில் அமைந்துள்ளது, மகிழத்தக்கது. ஆனால் சளியாய்வுத் தாளும் மருந்துச் சீட்டும் மருந்துறையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. நோயாளி தன் நோயின் பெயரைத் தன் கையிலுள்ள தாளிற் படிக்கவியலாத நாட்டில், நோய்த்தடுப்பு மேலிருந்து இடப்படும் கட்டளையாகவே நிற்கும்; மக்கள் வினையாகாது. தமிழில் எழுதிவிட்ட அளவிலே நோய் தீர்ந்துவிடாது என்பதும் உண்மையே. தூய தமிழிலும் பொய்க்கணக்கு எழுதலாம். மெய்க்கணக்கும் மக்கள் மொழியும் ஒருங்கே வேண்டும்.

தில்லி வகுக்கும் இலக்கு காசுமீரத்திற்கும் குமரிக்கும் ஒன்றே. யானைக்கால் நோய்க்கு 2002-இன் கொள்கை 2015 என்றது. 2017-இன் கொள்கை 2017 என்றது. இப்பொழுது 2027 என்கின்றது. ஆண்டு நகர்கின்றது, ஏன் நகர்ந்ததென்று எந்த ஊராரிடமும் எவரும் வந்து கூறவில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுநலவாழ்வுக்கென முழுமையான சட்டம் இயற்றியது 1939-இல் சென்னை மாகாணம். அம் மரபிற்குரிய தமிழ்நாடு தன் குறிக்கோள்களைத் தானே வகுத்தல் தகும்.

அவற்றின் வடிவம் இவ்வாறு அமைதல் வேண்டும். மாநில நிரவல் போதாது. ஒன்றியந்தோறும் எண் வேண்டும். செய்த பணியோடு நில்லாது, எஞ்சிய நோயும் எண்ணப்படல் வேண்டும். என்புருக்கியால் நேரும் ஒவ்வோர் இறப்பும், ஊனத்தோடு கண்டறியப்படும் ஒவ்வொரு தொழுநோயும், ஏன் நேர்ந்ததென்று ஆராயப்படல் வேண்டும். ஆராய்வது எவரையும் தண்டித்தற்கன்று, அடுத்தவரைக் காத்தற்கே. நோயாளியின் பெயரை மறைத்து, எண்ணை மட்டும் ஊரவையில் தமிழிற் படித்தல் வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் ஊரவை ஆண்டிற்கு ஆறுமுறை கூடுகின்றது. வரவுசெலவு படிக்கும் அவ்வவையில் நோய்க்கணக்கும் படித்தால் என்ன? மிகுதியான எண்ணைக் காட்டும் அலுவலரைக் கடிந்துகொள்ளும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். தேடுபவனே மிகுதியாகக் காண்பான். தேடாதவன் ஏடு என்றும் தூயதாகவே இருக்கும்.

பெருமக்களே! நரம்புச் சிலந்தியை ஒழித்தது ஒருமுழத் துணி என்பர். துணி கருவியே. இன்னும் ஒருவர் எஞ்சியுள்ளாரா என்று, எவரும் இல்லையென்றான பின்னும் மூன்றாண்டு வீடுவீடாக வினவிய மனவுறுதியே அதனை ஒழித்தது. ஒருவர் எஞ்சினும் பணி முடியவில்லை யென்று கருதும் அரசும், அவ் வொருவரைத் தன் மொழியில் அடையாளங்காட்டும் மக்களும் கூடுமிடத்தில்தான், வள்ளுவர் முதலில் எண்ணிய அவ்வணி நாட்டின் கழுத்தில் ஏறும்.

அடுத்த ஊரவை கூடும் நாளில், இங்குள்ளோர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் எழுந்து ஒரே வினாவை வினவுக: 'இவ்வூரில் எத்தனை பேர்க்கு நோய் எஞ்சியுள்ளது?' விடை கிடைக்கும்வரை அமரற்க.

வாழ்க தமிழ்! நோயின்றி வாழ்க தமிழர்!